தென்கரையில் பன்னிரண்டு குழிகள்

மார்ச் 3
வடகரை முகாம்

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணி என்று எழுதும்போதே கை கூசுகிறது. நாலு வருடம் எனக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து என் பேனாக்களையெல்லாம் சுருட்டியவள் நீ. என் அண்ணனைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்துக்காக உனக்கு மரியாதை தர வேண்டியிருக்கிறது. அழைப்பில் அண்ணி, மற்றபடி பழைய "நீ"தான். உன் பல் டாக்டர் புருஷன் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேலை முடிந்தது. கடைசி மண் பெட்டிகள் இந்த வேனில் வருகின்றன. இங்கே செல்போனுக்கு சிக்னல் சுத்தமாக இல்லை. வாரம் இரண்டு முறை பெட்டி எடுக்க வரும் வேன் ஓட்டுநர்தான் எனக்குத் தபால்காரர். கடிதத்துக்கு ஒரு டீ கேட்கிறார். கொடுத்துவிடுகிறேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். வடகரையில் பதினோரு வகை மண். தென்கரையில் மூன்றே மூன்று. வடகரையில் நடப்பது ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்துக்குள் நடப்பது போல. நூறு அடி தள்ளினால் நிறம் வேறு, பிசுபிசுப்பு வேறு, குணம் வேறு. குழிக்குள் இறங்கி அடுக்கடுக்காகக் கிள்ளி எடுத்து, ஈரமாக்கி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் நாடாவாக இழுப்பேன். சிலது விரல் நீளம் வரும், சிலது அரை அங்குலத்தில் அறுந்துவிடும். அதற்குப் பிறகுதான் நிற அட்டைப் புத்தகத்தை எடுப்பேன். பெரும்பாலும் புத்தகம் என் விரல் சொன்னதைத்தான் சொல்லும். எல்லா இடத்திலும் கிடக்கும் பழுப்பு மண்ணுக்கு "சாதா" என்று பெயர் வைத்திருக்கிறேன். நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொள்வது "பிசின்". மற்றவற்றின் பெயர்கள் உன் அலுவலகக் காதுக்கு ஆகாது.

போன வாரம் அணைக் குழு முகாமுக்கே வந்தது. ஆற்றில் கீழே கட்டப்போகும் மண் அணைக்கு ஏதாவது ஒரு கரையை ஆள் உயரத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும், அதிக வகை மண் உள்ள கரையைத் தொடுவதில்லை என்பது அவர்கள் போட்டுக்கொண்ட விதி. எஞ்சினியர் நேராகக் கேட்டார், "அப்போ எந்தக் கரையில கை வைக்கலாம் மேடம்?" நானும் நேராகச் சொன்னேன், "தென்கரை. கண்ண மூடிக்கிட்டு எடுங்க."

மாதக் கடைசியில் குழு கூடுகிறது. அதற்குள் வரைபடத்தை வரைந்து அனுப்பிவிடு. அண்ணனிடம் சொல், இந்த வருடம் எங்கள் வீட்டில் அதிகக் குழி தோண்டியது அவர் இல்லை, நான்தான் என்று.

இப்படிக்கு,
கடப்பாரை

மார்ச் 7
தலைமை அலுவலகம், வரைபடப் பிரிவு

அன்புள்ள கடப்பாரைக்கு,

பெட்டிகள் வந்தன. டீ விஷயத்தில் உன்னை ஏமாற்றுகிறார். என்னிடமும் ஒரு டீ வாங்கினார்.

உன் குழிகளை ஒவ்வொன்றாகப் படத்தில் புள்ளி வைத்தேன். வடகரையில் வைத்துக்கொண்டே இருந்தேன். எழுபது. தென்கரைக்கு வந்தால், பேனாவை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. பன்னிரண்டு. அடுத்த பெட்டியில் மீதி இருக்கும் என்று தேடிக்கூடப் பார்த்தேன்.

அன்று வீட்டில் ஒரு வேலை செய்தேன். வடகரைக் குழிகள் எழுபதுக்கும் எழுபது துண்டுச் சீட்டு எழுதினேன். எந்தக் குழியில் எந்த மண் என்பது மட்டும்தான் சீட்டில். பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி, உன் அண்ணனைப் பன்னிரண்டு எடுக்கச் சொன்னேன். கையால் எடுத்தால் கள்ளம் என்று சொல்லி, பல் பிடுங்கும் இடுக்கியைக் கழுவிக்கொண்டு வந்து எடுத்தார். எடுத்த பன்னிரண்டில் எத்தனை வகை என்று எண்ணினோம். நாலு. திரும்பப் போட்டுக் குலுக்கினோம். ஐந்து. மறுபடி நாலு. ஒரு தடவை மூன்று. டப்பா மூடி நெளியும்வரை குலுக்கினோம். பதினொன்று ஒரு தடவைகூட வரவில்லை, ஆறே அபூர்வம்.

புரிகிறதா? உன் பணக்கார வடகரையிலும் பன்னிரண்டே குழி தோண்டியிருந்தால் நாலு வகையோடு முகாமைக் காலி செய்திருப்பாய். தென்கரைக்கு மூன்று கிடைத்திருக்கிறது. இந்த ஒரு விரல் வித்தியாசத்தை வைத்துக்கொண்டா ஒரு கரையைச் சுரண்டச் சொன்னாய்? அதிகமாகத் தேடிய இடத்தில் அதிகமாகக் கிடைத்தது. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

ஏன் பன்னிரண்டோடு நிறுத்தினாய்? எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும். அது தெரியாமல் படத்தை அனுப்ப மாட்டேன்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 11
வடகரை முகாம்

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி மண்ணைப் படிக்கும் முறை எனக்கு இதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் பதினைந்து வருடம் குழிக்குள் நின்று முதுகை ஒடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஏன் நிறுத்தினேன் என்று கேட்டீர்கள். தென்கரை பலகை மாதிரித் தட்டை. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. தோண்டினால் சாதா, அடுத்ததும் சாதா, அதற்கடுத்ததும் சாதா. நடுவில் இரண்டு வேறு மண் வந்தது, அதையும் எழுதினேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் பன்னிரண்டு சோறு பார்த்தேன். போதாதென்று நடைபாலம் போன மழையிலேயே அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் லாரியில் சுற்றிக்கொண்டு அரை நாள். போய், சாலை ஓரமாக இறங்கி, தோண்டி, திரும்புவதற்குள் பொழுது போய்விடும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வண்ணம் தீட்டுபவர்களுக்கு இதெல்லாம் தெரிய நியாயம் இல்லை.

குழுவின் முன்னால் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். என் பேச்சைக் கேட்டு இயந்திரத்தைத் தென்கரைக்குக் கொண்டுவர ஏற்பாடு நடக்கிறது. இனி போய், "என் அண்ணி டப்பா குலுக்கினாள், எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது" என்று சொன்னால் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட கதையாகும். நீங்கள் படம் அனுப்பாவிட்டால் என் கையால் வரைந்து அனுப்பிவிடுவேன். கோடு உங்களுடையது போல அழகாக இருக்காது. ஆனால் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
முதுநிலை மண் ஆய்வாளர்

மார்ச் 14
தலைமை அலுவலகம்

கடப்பாரை,

உன் "நீங்கள்" எனக்கு வலித்தது. மறைக்க விரும்பவில்லை. உன் அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஐயோ, இது நெஜக் கோவம். சின்ன வயசுல என்னை இவ 'வாங்க போங்க'ன்னு கூப்பிட்டா நான் உள்ள போய்க் கதவச் சாத்திக்குவேன்" என்றார். பிறகு, "ஆனா நீ சொல்றதுதான் சரி" என்றும் சொன்னார். இதை எழுதக் கூடாது என்று கெஞ்சினார். எழுதிவிட்டேன்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நாத்தனார் தோண்டினால் அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று மட்டும் எந்தப் பழமொழியும் இல்லை.

பழமொழி என்றதும் உன் சோற்றுப் பானைக்கு வருகிறேன். ஒரு சோறு பதம் பார்க்கலாம், சரி. எப்போது? ஒரே அரிசியைப் போட்டு, ஒரே அடுப்பில், கிளறிவிட்டுக் கொதித்த பானைக்கு. பானைக்குள் என்ன போட்டிருக்கிறது என்று தெரியாதபோது, மேலே மிதக்கும் பன்னிரண்டைத் தொட்டுவிட்டு எல்லாம் வெந்துவிட்டது என்று எப்படிச் சொல்வாய்? தென்கரையைக் கிளறியது யார்?

இன்னொன்று. பாலம் இல்லை, சாலை ஓரமாக இறங்கினேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தப் பன்னிரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்தேன். அப்படியே சாலை வந்துவிட்டது. சாலை போடுகிறவர்கள் எங்கே போடுவார்கள்? தண்ணீர் நிற்காத, காய்ந்த, உறுதியான சாதா மண்ணில்தானே? நீ தென்கரையை அளக்கவில்லை. தென்கரைச் சாலையை அளந்திருக்கிறாய்.

உன் கை பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டு எட்டு மண்ணை உன் கையில் கொடுத்தேனே, எட்டையும் சொன்னாய். அன்றைக்குத்தான் இப்படி ஒருத்தியின் குடும்பத்துக்குள் போக வேண்டும் என்று தோன்றியது, உன் அண்ணனை நான் பார்த்தது அதற்குப் பிறகுதான். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். தென்கரை முழுக்கக் கட்டம் போட்டு, இன்னும் ஐம்பத்தெட்டு இடங்களைச் சீட்டுக் குலுக்கியே தேர்ந்தெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எந்த இடம் வசதி என்று பார்க்காதே. முள்ளுக்குள் விழுந்தால் முள்ளுக்குள் தோண்டு. அத்தனையும் தோண்டி மூன்றே வகை வந்தால், படத்தில் உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைச் சின்னதாகப் போடுகிறேன். அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க.

படம் தயாராகவில்லை என்று குழுவின் செயலாளருக்கு என் பொறுப்பில் எழுதிவிட்டேன்.

அண்ணி

மார்ச் 18
தென்கரை

அண்ணிக்கு,

கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு இந்தக் கரைக்கே வந்துவிட்டேன். மூன்று கோஷ்டியாகப் பிரிந்து தோண்டுகிறோம். உன் சீட்டுப்படிதான். யார் மண்ணைக் கவ்வுவது என்று பார்த்துவிடலாம்.

இதுவரை ஒன்பது குழி. எட்டு சாதா. ஒன்பதாவதும் ஏற்கெனவே பார்த்த இரண்டில் ஒன்று. சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். சின்னக் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொள்.

பத்தாவது இடம் நாணல் புதருக்குள் விழுந்திருக்கிறது. வேண்டுமென்றே அந்தச் சீட்டை எடுத்தாயா?

கடப்பாரை

மார்ச் 24
தென்கரை

அண்ணி,

நீதான் ஜெயித்தாய். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்கம் பக்கமாக எழுதி இதை மட்டும் விட்டுவிடுவேன்.

நாணலுக்குள் இறங்கினோம். ஒரு முழம் வரைக்கும் சாதா. என் ஆள் ஒருவர், "அக்கா, இதுவும் அதேதான், மூடிடலாமா?" என்றார். நானும் மூடச் சொல்லியிருப்பேன். உன் மேல் உள்ள கோபத்தில் இன்னும் தோண்டச் சொன்னேன். பழுப்பு ஒரு கோடு போட்டாற்போல நின்றது. அதற்குக் கீழே பிசின். பிசினுக்குக் கீழே கறுப்பு மண், அதில் பழைய நாணல் வேர்கள் நார் நாராக. ஒரு காலத்தில் ஆறு இங்கே ஓடியிருக்கிறது, அண்ணி. ஓடி, வளைந்து, அலுத்துப் போய் வடக்கே நகர்ந்திருக்கிறது. நகரும்போது எல்லாப் பள்ளத்தையும் நிரப்பி, மேலே ஒரே போர்வையைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறது. அதைத்தான் நான் பலகை என்றேன்.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. சாலையை விட்டு விலக விலக வேறு வேறு மண். சல்லடையில் சலித்தது போன்ற மணல் ஒரு இடத்தில். துருப்பிடித்த புள்ளிகளோடு ஒன்று. கிழக்குக் கோடியில் ஒரு குழியில் பளிச்சென்ற வெள்ளை மண், தேய்த்துப் பார்த்தால் பொடிப்பொடியாக நத்தை ஓடு. ஏரி கிடந்த இடம் அது. பதினைந்து வருடத்தில் நான் அதைக் கையால் தொட்டதே இல்லை. நாடாவாக இழுக்கப் பார்த்தேன், பவுடர் மாதிரி உதிர்ந்தது. குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் ஒரு மனுஷி வேறு என்ன செய்வாள்?

என் கை பொய் சொல்லவில்லை. என் கால்தான் சுலபமான இடமாகப் பார்த்துப் போயிருக்கிறது.

இனி கெட்ட செய்தி. நேற்று நாங்கள் மேற்குக் கோடியில் இருந்தபோது கிழக்கே இயந்திரச் சத்தம். ஓடினேன். எஞ்சினியர் குழுவின் முடிவுக்குக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டார். "நீங்கதானே மேடம் சொன்னீங்க, கண்ண மூடிக்கிட்டு எடுங்கன்னு?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. "இப்ப கண்ணத் தெறந்துட்டேன். நிறுத்துங்க," என்றேன். நிறுத்தவில்லை. இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றேன், கையில் உண்மையிலேயே கடப்பாரை. அப்புறம் நிறுத்தினார்.

ஆனால் ஒரு துண்டு போய்விட்டது. பெரிய இடம் இல்லை. உன் பட்டியலில் நாற்பத்தொன்றாவது இடம் அதற்குள்தான் இருந்தது. அடியில் கூழாங்கல் தெரியும்வரை வழித்தெடுத்துவிட்டார்கள். எடுத்த மண் லாரியில் ஏறி, கொட்டி, மற்ற மண்ணோடு கலந்துவிட்டது.

ஐம்பத்தெட்டில் அந்த ஒன்று போக, மீதி எல்லாக் குழியின் விவரமும் வியாழக்கிழமை வேனில் வந்துவிடும். நான் இங்கிருந்து நகர முடியாது. நகர்ந்தால் இயந்திரமும் நகரும். குழுவின் முன்னால் நீதான் பேச வேண்டும். உனக்குக் கூட்டம் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தெரியும். நான் சொன்ன தப்பை என் பெயரிலேயே சொல். கூசாதே.

கடப்பாரை

மார்ச் 31
தலைமை அலுவலகம்

அன்புள்ள கடப்பாரைக்கு,

பேசிவிட்டேன். நாக்கு ஒட்டத்தான் செய்தது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துப் பிரித்தேன்.

தென்கரை பத்து வகை, வடகரை பதினொன்று என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, குழுத் தலைவர், "அப்போ வடகரைதானே ஜாஸ்தி? ஒண்ணுன்னாலும் ஒண்ணுதானே? முதல்ல சொன்னபடி தென்கரையவே எடுக்கலாம்" என்று ஃபைலை மூடினார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, பையிலிருந்து இரண்டு பிஸ்கட் டப்பாக்களை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்றில் வடகரைச் சீட்டு, இன்னொன்றில் தென்கரைச் சீட்டு. "ஐயா, நீங்களே ரெண்டுலயும் இருபது இருபது எடுங்க" என்றேன். எடுத்தார். தென்கரையில் ஒரு வகை அதிகம். "மறுபடி எடுங்க." வடகரையில் ஒரு வகை அதிகம். மூன்றாவது தடவை சமம். நாலாவது தடவை அவரே ஆசைப்பட்டு எடுத்தார். பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டு வாங்கி எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "அந்த ஒண்ணு இன்னொரு குழியில மாறிடும் ஐயா. ஆனா தென்கரையோட பத்துல நாலு வகை வடகரையில கிடையவே கிடையாது. வடகரையில இருக்கற அஞ்சு இந்தப் பக்கம் இல்ல. எந்தக் கரைய எடுத்தாலும் திரும்பி வராதது போயிடும்" என்றேன்.

"அப்போ அணைக்கு மண்ணு?" என்று கேட்டார். கூட்டத்துக்கு வந்திருந்த உன் எஞ்சினியர்தான் காப்பாற்றினார். "அணைக்கு எனக்கு ஒரே மாதிரி மண்ணு இருந்தாலே போதும். மணலும் பிசினும் கலந்து வந்தா எனக்குத்தான் தலைவலி. இந்தப் பழுப்பு மண்ணு எங்க ஆழமா, அடி வரைக்கும் இருக்குன்னு மட்டும் காட்டுங்க" என்றார். காட்டினேன். இரண்டு கரையிலும் சாதா மட்டும் கிடக்கும் பட்டைகளை நீ அத்தனை சரியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாய். அங்கிருந்து மட்டும் எடுப்பது, மற்ற இடத்தில் மண்வெட்டி படக் கூடாது என்று முடிவாகிவிட்டது. கரையைக் கரையாகப் பார்த்ததே தப்பு என்று தலைவரே சொன்னார். அதைக் கூட்டக் குறிப்பிலும் எழுதச் சொன்னார்.

உன் தப்பை உன் பெயரில் சொன்னேன். தலைவர், "தப்புன்னு தெரிஞ்சதும் மெஷின் முன்னாடி போய் நின்னவங்க அவங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவரும்தான். பல்லைக் காட்டி மறைத்தார்.

ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. படம் ஆறாம் தேதி அச்சுக்குப் போகிறது. எல்லா நிறமும் பூசிவிட்டேன். பார்க்கப் பார்க்க அழகாக இருக்கிறது. நாற்பத்தொன்றில் மட்டும் ஓட்டை. அதற்கு மேற்கே வெள்ளை மண், கிழக்கே பிசின். நடுவில் கோடு போட்டு ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டால் முடிந்தது. தெரியாத இடத்தில் பக்கத்து நிறத்தை இழுத்து மூடுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், தப்பில்லை. யாரும் கேட்க மாட்டார்கள். பத்து வருடம் கழித்து இந்தப் படத்தைச் சுவரில் பார்க்கும்போது உன் கண்ணில் அது படக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். பூசிவிடட்டுமா? சரி என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணி

ஏப்ரல் 3
தென்கரை

அன்புள்ள அண்ணிக்கு,

உன் கடிதத்தை ஆட்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். டப்பா கட்டத்தில் கைதட்டினார்கள். வேன் ஓட்டுநர் இன்று டீக்குக் காசு வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். நீ என் குடும்பத்துக்குள் வந்ததில் லாபம் அண்ணனுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். எனக்குத்தான்.

சாதாப் பட்டைகளுக்கு முளை அடித்துக் கயிறு கட்டி முடித்துவிட்டேன். எஞ்சினியர் தினமும் காலையில் வந்து, "இங்க எடுக்கலாமா மேடம்?" என்று கேட்கிறார். தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். அவருக்கும் அது பிடித்திருக்கிறது. வடகரையில் நான் தோண்டியதிலும் வசதி பார்த்த குழிகள் இருக்கின்றன என்று இப்போது தெரிகிறது. அடுத்த மாதம் அதற்கும் சீட்டுக் குலுக்கி அனுப்பு. பதினொன்று கூடுமே தவிரக் குறையாது, எழுதி வைத்துக்கொள்.

நாற்பத்தொன்றைப் பூசாதே.

நீ ஆசையாகத்தான் கேட்டாய், தெரிகிறது. நேற்று அந்த இடத்துக்குப் போய் நின்றேன். மேற்கு ஓரத்தில் வெள்ளை மண் ஒரு சாண் கனத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது, உள்நோக்கித் தடித்துக்கொண்டே போயிருக்கிறது. ஏரியின் நடுப்பகுதி அங்கேதான் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பாதி வெள்ளை, பாதி பிசின் என்று நீ கோடு போட்டால் அதைப் பார்க்கிறவன் நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வான். நமக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. அதைத் தெரியாமல் ஆக்கியது என் வாய்.

காகிதத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிடு. ஓரத்தில் நிறங்களுக்கு விளக்கம் எழுதுவாயே, அதில் கடைசி வரியாக "அளக்கும் முன்பே எடுக்கப்பட்டது" என்று எழுது. யாராவது ஏன் என்று கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டாம். என்னிடம் அனுப்பு, நான் சொல்லிக்கொள்கிறேன்.

கடப்பாரை